பாதி படித்த தடை உத்தரவு

அக்கா, இன்று காலை எங்கள் கடைத்தெரு வழியாக ஒரு ஆட்டோ போனது. தலையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு தரப்புக்குள் தகராறாம், அதற்காகத் தடை உத்தரவு. எனக்கும் அந்தத் தகராறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்த ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், "நான்கு பேருக்கு மேல் கூடுவது" என்று சொல்லிக்கொண்டே போனது. நான் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரைப் பிரித்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சூடான கம்பி கையிலிருந்து நழுவி மேசை விரிப்பில் விழுந்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். இறக்கிய பிறகுதான் ஏன் இறக்கினோம் என்று யோசித்தேன்.

டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி ஜமீலா குனிந்து உள்ளே வந்தாள்.

"என்னாங்க, கடைய அடைச்சிட்டீக?"

"வெயிலு அடிக்குது."

"காலையில இருந்து மேகம் மூட்டமாத்தான கெடக்கு" என்றவள் தெருப்பக்கம் காது கொடுத்தாள். புரிந்துகொண்டாள். சத்தம் தேய்ந்து மறையும் வரை ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பதிலை இந்த வருடம்தான் சொன்னேன். கேட்கத்தான் நீங்கள் இல்லை. அதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. இன்றைக்கு அந்த ஆட்டோ என்னை உட்காரவைத்துவிட்டது.

என் பெரியக்காவும் நீங்களும் போடியில் ஒரே ஏலக்காய்க் கிட்டங்கியில், குடோன் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிய காலத்திலிருந்து உங்களைத் தெரியும். பதினைந்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் நான் முதன்முதலாக மைக் பிடித்து மொய் எழுதும் இடத்தை அறிவித்தபோது, "அடேயப்பா, பாய் குரலு ரேடியோக்காரன் மாதிரில்ல இருக்கு" என்று சொன்னவர் நீங்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குப் பாய்தான். மற்றவர்கள் அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு இன்னும் இருபது வருடம் ஆனது. பிறகு நீங்கள் மலையடிவாரத்து ஊரில் வாக்கப்பட்டுப் போனீர்கள். கிட்டங்கி வேலையை விட்டுவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போக ஆரம்பித்தீர்கள். நான் மைக் செட்டுக் கடை போட்டேன். திருவிழா, காதுகுத்து, தேர்தல், எழவு, எல்லாவற்றுக்கும் என் குரல் போனது. நான் வாயைத் திறந்தால் அடிவாரத்து ஊர்களில் யார் பேசுவதென்று கேட்க வேண்டியதில்லை. அது ஒரு பெருமையாக இருந்தது.

ஏலக்காட்டுக்கு ஆளேற்றிப் போன உங்கள் ஜீப் பள்ளத்தில் விழுந்தது ஒரு சாரல் காலை. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர். வளைவில் பனி இறங்கியிருந்தது. எதிரே லோடு லாரி வந்ததும் ஜீப் ஒதுங்கியது, ஒதுங்கிய பக்கம் மண் இல்லை. மூன்று பெண்கள் அந்த இடத்திலேயே போனார்கள். அதில் ஒருத்தி உங்களோடு காய் எடுக்கும் பேச்சியம்மாளின் மகள். பேச்சியம்மாளும் அதே வண்டியில்தான் பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தார். உங்களுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்தது. அது கடைசிவரை நேராகச் சேரவே இல்லை. டம்ளரை வாங்கும்போது கை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

எட்டாம் நாள், கட்டுப் போட்ட கையோடு என் கடைக்கு வந்தீர்கள்.

"பாய், ஒரு குழாயும் ஒரு தார்ப்பாயும் வேணும். மலைக்கு ரோடு பிரியிற புளியமரத்து விலக்குல உக்காரப் போறோம்."

"எதுக்குக்கா?"

"இனிமே ஜீப்புல ஏற மாட்டோம். காலையில வேலைக்குப் போக ஒரு பஸ்ஸு விடட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

"போலீஸ்ல பர்மிஷன் வாங்குனீகளா?" என்று கேட்டேன்.

"மழைக்கு ஒதுங்குறதுக்கெல்லாம் எவன்ட்டப்பா பர்மிஷன் கேக்குறது?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் குழாயை எடுத்துக் கொடுத்தேன். பெரியக்காவின் சிநேகிதி, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தைரியத்தால் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள்.

முதல் நாள் பதினெட்டுப் பேர். ஒரு வாரத்தில் அடிவாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்துவிட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புவதுபோலவே தூக்குச்சட்டியோடு வருவார்கள். பந்தலில் உட்கார்வார்கள், சாயங்காலம் திரும்பிப் போவார்கள். உங்களை மைக்கில் பேசச் சொன்னதற்கு ஒரே ஒருமுறை பேசிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தீர்கள். "என் சத்தம் எனக்கே வேற எவளோ பேசுற மாதிரி இருக்கு. நீங்களே சொல்லுங்க பாய். ஒங்க குரல்ல சொன்னாத்தான் ஊரு கேக்கும்." அப்படித்தான் தினமும் காலையில் வந்து பேட்டரியை மாட்டிவிட்டு, "இன்று நமது காத்திருப்பின் பத்தாவது நாள்", "பதினைந்தாவது நாள்" என்று நான் சொல்வது வழக்கமானது. சொல்லி முடித்ததும் பெண்கள் கைதட்டுவார்கள். நான் உடனே கிளம்பிவிடுவேன். பந்தலுக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பந்தக்காலில் சாய்ந்து நின்று, ரோட்டைப் பார்த்தபடிதான் நீங்கள் கொடுக்கும் டீயைக் குடிப்பேன்.

மேலே காடுகளில் காய் பழுத்து வெடிக்க ஆரம்பித்தது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டின் மலையாளி மேனேஜர் ஒருவர் காரில் இறங்கி வந்து உங்களிடம் பேசியது நினைவிருக்கிறது. "சேச்சி, காய் எல்லாம் போகும். கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று கெஞ்சலாகத்தான் சொன்னார். "காய் போனா அடுத்த எடுப்புல பாத்துக்கலாம் சாரே. எங்காளுக மூணு பேரு போயிட்டாகளே" என்றீர்கள். அவர் பேச்சியம்மாளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே ஜீப்புகள், வண்டிக்கு அதே பதினாறு பேர். நாற்பதாவது நாள் நீங்கள் எல்லோரும் பந்தலிலிருந்து எழுந்து தார் ரோட்டிலேயே உட்கார்ந்தீர்கள். ஒரு மணி நேரம்தான். மலையேறும் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஆம்புலன்ஸ் ஒன்று வந்தபோது நீங்களே எழுந்து வழி ஒதுக்கி விட்டீர்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது.

பந்தலுக்கு எதிரே இரண்டு பேர் நின்று செல்போனில் ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தார்கள். சீருடை இல்லை. யாரென்று கேட்டால் பதிலும் இல்லை. அடுத்த நாள் விலக்கு ரோட்டில் இரும்புத் தடுப்புகள் வந்து இறங்கின. அதற்கடுத்த நாள், ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்துக்குச் செட்டுக் கட்டிவிட்டுத் திரும்பினால், கடை வாசலில் ஒரு ஏட்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார்.

"விலக்குல இருக்குற குழாய் ஒன்னுதுதான பாய்?"

"ஆமாங்கய்யா. வாடகைக்கு..."

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் 'சும்மா' என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் உங்களிடம் வந்து, "அக்கா, குழாயக் கழட்டிக்கிறேனே" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "கழட்டிக்கங்க பாய்" என்றீர்கள். கோபமே இல்லாமல் சொன்னீர்கள். அதனாலேயே என்னால் கழற்ற முடியவில்லை. தினமும் வந்து பேட்டரியை மாட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே.

நாற்பத்தேழாவது நாள் காலை ஏழு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்று விடிந்ததிலிருந்தே போனில் இணையம் இல்லை. ஊரே ஒருமாதிரி அமுங்கிக் கிடந்தது. பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்தார். மென்மையான ஆள். சட்டைக் காலர் கசங்காத ஆள். ஒரு தாளை என் முன் நகர்த்தினார்.

"படிங்க."

படித்தேன். பொது அமைதிக்குப் பங்கம், அவசர நிலைமை, உடனடியாகக் கலைந்து செல்ல வேண்டும், நான்கு பேருக்கு மேல் கூடினால் கைது.

"நல்ல குரல்னு கேள்விப்பட்டேன். அந்தப் பொம்பளைங்க உங்க பேச்சக் கேப்பாங்களாமே. நீங்க படிச்சா பிரச்சனை இல்லாம முடிஞ்சிடும்."

"சார், எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

அவர் சிரித்தார். "டீயக் குடிங்க, சரியாயிடும்." பிறகு தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணு மதுரையில காலேஜ் முதல் வருஷம் இல்ல? ஹாஸ்டலா?"

அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன், எப்படி எழுந்தேன் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. நஸ்ரின் ஹாஸ்டல் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து நிற்பதுபோல ஒரு படம் மட்டும் கண்ணுக்குள் நின்றது. "சார், என்னால முடியாது" என்று எழுந்து வந்திருக்கலாம். எழுந்து வரக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். நான் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

என் கடையிலிருந்தே ஒரு குழாயை எடுத்து ஆட்டோவில் கட்டினார்கள். விலக்குக்கு வந்து சேர்ந்தபோது பத்தே கால். பந்தலில் சோறு வெந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பெண்கள் சிலர், "பாய் வந்துட்டாரு, இன்னைக்கு வண்டியெல்லாம் வச்சு வந்துருக்காரு" என்று சிரித்தார்கள். நாற்பத்தேழாவது நாளை அறிவிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கைதட்டத் தயாரானார்கள். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏட்டை அவர்கள் அப்புறம்தான் பார்த்தார்கள்.

நான் படித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அவமானம். முப்பது வருடப் பழக்கம், மைக்கைப் பிடித்தால் குரல் தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஒருமுறை படித்து முடித்தேன். யாரும் அசையவில்லை. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் அடுப்பங்கரையிலிருந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தீர்கள்.

"பாய், இன்னொரு தடவ படிங்க. முழுசாக் கேக்கல."

இரண்டாம் முறை ஆரம்பித்தேன். எவ்வளவு நேரத்துக்குள் கலைய வேண்டும் என்ற வரி வருவதற்குள் பின்னால் பஸ்கள் வந்து நின்றுவிட்டன. பெண் போலீசார் திமுதிமுவென்று இறங்கினார்கள். "போதும்" என்று ஏட்டு என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். பந்தல் கயிற்றை அறுத்ததும் தார்ப்பாய் பெண்களின் தலையில் சரிந்தது. யாரோ ஒருவரின் லத்தி பட்டு உலைப்பானை கவிழ்ந்தது. கொதிக்கும் கஞ்சி ஒரு பெண்ணின் காலில் கொட்டி, அவள் போட்ட அலறலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பேச்சியம்மாள் மகளின் படத்தை மடியில் கட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். நான்கு பேர் தூக்கிப் போனார்கள். உங்களை அந்த ஒடிந்த கையைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். "அந்தக் கையி வேண்டாம்மா, இந்தக் கையப் பிடி, வர்றேன்" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது.

யாரும் கல் எறியவில்லை. எறிய நேரமே இல்லை.

இரண்டு நாள் ஊரடங்கு மாதிரிதான். கடைகள் இல்லை, போன் இல்லை. உங்களையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டு ஆண்கள் அலைந்தார்கள். எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே என்னை அங்கே கொண்டுபோனார்கள். ஒரு கல்யாண மண்டபம். நானே எத்தனையோ தடவை செட்டுக் கட்டிய மண்டபம்தான். மணமகள் அறையில் ஒரு மேசை போட்டு, எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை நீட்டினார்கள். காலை எட்டு மணிக்கு நான் மூன்று முறை அறிவித்ததாகவும், இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்ததாகவும், பெண்கள் மறுத்துக் கல்வீச்சில் இறங்கியதாகவும் அதில் இருந்தது. எட்டு மணிக்கு நான் அவர்களுடைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வரும்போது மண்டபத்துக் கதவு திறந்திருந்தது. ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டீர்கள். ஓடிவிடலாம் என்றிருந்தது. நீங்கள் அங்கிருந்தே கேட்டீர்கள்: "பாய், சாப்டீகளா?" நான் தலையை ஆட்டினேனா இல்லையா தெரியாது.

பதினெட்டு நாள் கழித்து உங்களை ஜாமீனில் விட்டார்கள். அந்த நாட்களில் நான் பட்டதை யாரிடமும் சொன்னதில்லை. தெருவில் வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பேன். நஸ்ரினுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் போடுவேன், காரணம் சொல்ல மாட்டேன், அவள் எரிச்சல் படுவாள். மைக் பிடிப்பதையே நிறுத்திவிட்டேன். யார் கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கருவிகளை மட்டும் வாடகைக்கு விட்டேன்.

வெளியே வந்த இரண்டாம் நாள் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். நான் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"தெரியும். வக்கீலு வாசிச்சுக் காட்டுனாரு."

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கு மட்டும் என்னவாம்? பஸ்ஸுல ஏத்துனதுல இருந்து ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு. கேக்கவும் பயம்." டம்ளரைக் கீழே வைத்தீர்கள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

"சரி, கோர்ட்டுல கூப்பிட்டுக் கேப்பாகள்ல பாய். அன்னைக்கு என்ன சொல்லுவீக?"

நான் கீழே கிடந்த ஒயர்த் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ரொம்ப நேரம் காத்திருந்தீர்கள். அப்புறம், "வர்றேன், சோலி கெடக்கு" என்று எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு என் கடைப்படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் நின்று வீட்டில் எல்லோரையும் விசாரிப்பீர்கள். அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டதே இல்லை.

பஸ் வந்தது. பந்தலைப் பிரித்து ஐந்து மாதம் கழித்து, சத்தமில்லாமல், காலை ஐந்தரை மணிக்கு ஒரே ஒரு பஸ். மெட்டு வரைதான் போகும், அங்கிருந்து நடை. போராட்டத்தால் வந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் அதில் மூன்று வருடம் போய்வந்தீர்கள். வழக்குத் தேதிகளில் மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் உங்களுடையது. நான் அரசுத் தரப்பில் மூன்றாம் சாட்சி.

பிறகு ஒரு நாள் ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் என்னிடம்தான் ஆள் அனுப்பினார், எழவு அறிவிப்பை என் குரலில் சொல்ல வேண்டும் என்று. அதற்கும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன் அக்கா. வேறொருவர் சொன்னார், உங்கள் புகுந்த ஊரின் பெயரைத் தப்பாகச் சொன்னார். நான் ரோட்டோரத்தில் நின்று உங்களைத் தூக்கிப் போவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தொழுகை விரிப்பில் உட்கார்ந்து உங்களுக்காகக் கையேந்தினேன்.

இந்த வருடம் பங்குனி வெயிலில் என் பெயருக்குச் சம்மன் வந்தது. ஜமீலா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "இருக்குறத அப்பிடியே சொல்லிட்டு வந்துருங்க" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிக் குடுத்தத அப்பிடியே சொல்லிட்டு வந்துருங்க" என்பாள். இரண்டும் வேறு வேறு என்று அவளுக்கும் தெரியும்.

கோர்ட்டு வராந்தாவில் யாரென்று தெரியாத ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய வாக்குமூலத்தின் நகலைக் கையில் கொடுத்தார். "ஒரு தடவ பாத்துக்கங்க. அஞ்சு வருசம் ஆச்சுல்ல, மறந்துருக்கும்." வாங்கிப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து, கோணலாக. எதிர்ப் பெஞ்சில் பேச்சியம்மாளும் மற்ற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் பாதத்தில் கஞ்சி கொட்டிய தழும்பு பளபளவென்று தெரிந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் மட்டும் ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அரசு வழக்கறிஞர் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்பதுபோலக் கேட்டார்.

"அன்று காலை எட்டு மணிக்கு மூன்று முறை அறிவிப்பு செய்தீர்கள், சரிதானே?"

"இல்லைங்க ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி அம்மாவும் பார்த்தார். "சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

"எட்டு மணிக்கு நான் அங்க இல்லைங்கம்மா. பத்தே காலுக்குத்தான் போனேன். ஒரு தடவ முழுசாப் படிச்சேன். ரெண்டாவது தடவ பாதியில நிறுத்திட்டாங்க. அவகாசமே குடுக்கல. யாரும் கல்லு எறியல."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதாங்க. பயந்து போட்டது."

அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். பொய்ச் சாட்சி சொன்னால் என்ன தண்டனை என்று விளக்கினார். யார் தூண்டிவிட்டது என்று கேட்டார். அரை மணி நேரம் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன், வேறு எதையும் யோசித்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இறங்கி வந்ததும் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. எல்லோரையும் விடுவித்துவிட்டார்கள். உங்கள் பெயருக்கு நேரே இறந்துவிட்டார் என்று எழுதி, அதோடு முடித்திருந்தார்கள். பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். பேச்சியம்மாள் என் அருகில் வந்து, "நல்லாச் சொன்னய்யா" என்றார். பிறகு, "அவ இருக்கும்போதே சொல்லிருக்கலாம்" என்றும் சொன்னார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

நான் தைரியமானவன் ஆகிவிட்டதாக எழுதினால் அது இன்னொரு பொய் வாக்குமூலம் ஆகிவிடும். சாட்சி சொன்ன நாளிலிருந்து இன்னும் அதிகமாகத்தான் பயப்படுகிறேன். அந்த வராந்தா ஆளின் முகம் எங்காவது தெரிகிறதா என்று சந்தையில்கூடத் தேடுகிறேன். ஆனால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தீர்ப்பு வந்த வாரம் நஸ்ரின் ஊருக்கு வந்திருந்தாள். இப்போது மதுரையிலேயே வேலை பார்க்கிறாள். அவளிடம் அன்றைக்கு அந்த அதிகாரி டீ கொடுத்துவிட்டுக் கேட்டதை முதல்முறையாகச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"அத்தா, என்னய வச்சா ஒங்கள மெரட்டுனாங்க?"

"ஆமாம்மா."

"அதான் தெனமும் அஞ்சு தடவ போன் போட்டீகளா?"

"ம்."

"என்ட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீ பயந்துருவேன்னுதான்..."

"பயந்துதான் இருப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருமாச் சேந்து பயந்துருக்கலாம்லத்தா."

அந்த வார்த்தையைத்தான் இப்போது எங்கே போனாலும் கூடவே கொண்டு திரிகிறேன். அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் பந்தல் எனக்குப் புரிந்தது. நீங்களெல்லாம் பயமே இல்லாதவர்கள் என்று நினைத்திருந்தேன். பேச்சியம்மாளுக்குப் பயம், கஞ்சி கொட்டிய பெண்ணுக்குப் பயம், உங்களுக்கும் பயம். தூக்குச்சட்டியோடு வந்து ஒருவருக்கொருவர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து பயந்திருக்கிறீர்கள். நான் மட்டும்தான் அக்கா, நாற்பத்தேழு நாளும் பந்தக்காலுக்கு வெளியே நின்று தனியாகப் பயந்துகொண்டிருந்தேன்.